ஷூவோடு அளந்த செடிகள்

தையல்கடை மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு பச்சைச் சுவர் எழுப்பியே தீருவது. அதுவும் சண்டை சச்சரவில்லாமல், செடியை வைத்தே.

காரணம், மனைவி. சாயங்காலம் கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு ஆசையாக வீடு திரும்பினால், அவள் தோட்டத்தில் இருப்பாள். இடுப்பளவு மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்து வீட்டு நர்ஸம்மாவோடு பேச்சு. பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! அவள் சிரிப்புச் சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். அவள் வரமாட்டாள். வந்தாலும், "குழாய் ஒழுகுது, பாத்தீங்களா?" என்பதோடு சரி. மாஸ்டர் தனியாக உட்கார்ந்து டீ குடிப்பார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தார்.

"தோட்டம் மொட்டையா இருக்கு. மதிலோரமா பாக்ஸ்வுட் வைக்கலாம்னு பாக்கறேன்."

"அது என்ன செடி?"

"பொடிப்பொடியா இலை. வருஷம் பூரா பச்சையா இருக்கும். ஒழுங்கா வெட்டி விட்டா சுவர் மாதிரி நிக்கும்."

"எவ்வளவு உயரம்?"

"சும்மா அழகுக்குத்தானே... ஒரு அஞ்சரை அடி."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். தன் தலைக்கு மேல் அரை அடி போகிற அந்த அழகு எதற்கென்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"உங்க இஷ்டம். நானும் வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் "உங்க இஷ்டம்" என்று சொன்ன எதுவும் அவர் இஷ்டப்படி நடந்ததில்லை. மாஸ்டர் அதை அன்றைக்குப் பார்த்து மறந்துபோனார்.

செடிப் பண்ணைக்காரம்மா மூன்று ரகம் காட்டினாள். ஒன்று பந்து மாதிரி உருண்டையாக வருவது. இன்னொன்று முழங்காலுக்கு மேல் வளராத நடைபாதை ரகம். மூன்றாவது நெடுநெடுவென்று நிமிர்ந்து நின்றது. மாஸ்டர் நேராக அதனிடம் போனார். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவியவர், அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன யோசனை?" என்றாள் மனைவி.

"தொட்டி மண்ணுலேர்ந்து அளக்கறதா, தரையிலேர்ந்து அளக்கறதான்னு பாக்கறேன்."

"பேன்ட்டுக்கு அளவெடுக்கறப்ப, ஷூவைக் கழட்டுங்கன்னா சொல்றீங்க?"

"சேச்சே! ஷூவோட அளந்தாத்தான் இறக்கம் சரியா விழும்."

"அப்பறம் என்ன? தொழில் தெரிஞ்சவர் நீங்க."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. அவள் தன் தொழிலை மெச்சி எத்தனை காலமாயிற்று! தொட்டியோடு சேர்த்து, அடிவிளிம்பிலிருந்து அளந்தார். கச்சிதமாக அஞ்சரை. பண்ணைக்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மனைவி சட்டென்று அவள் கையைப் பிடித்து, "எரு எவ்வளவு போடணும்?" என்று அந்தப் பக்கம் கூட்டிப் போய்விட்டாள்.

தோட்டக்காரர் வந்து குழி வெட்டினார். செடிகள் தொட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்ணுக்குள் இறங்கின. இறங்கின, இறங்கின, கழுத்தளவில் நின்றன. அன்று சாயங்காலமே பச்சை வரிசைக்கு மேலே இரண்டு முகங்கள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. "ரொம்ப அழகா இருக்கு மாஸ்டர்!" என்றாள் நர்ஸம்மா.

மாஸ்டர் பண்ணைக்குப் போன் போட்டார்.

"இன்னும் ஒன்றரை அடி எப்பம்மா வளரும்?"

"பாக்ஸ்வுட்டுக்கு அவசரமே கிடையாது சார். வருஷத்துக்கு நாலு விரக்கடை வளர்ந்தா பெரிசு. அப்பப்ப வெட்டி விட்டுக்கிட்டே இருங்க, அப்பத்தான் அடர்த்தியா வரும்."

"வளரவும் வேணும், வெட்டவும் வேணுமா?"

"ஆமா சார்."

வெட்டாமல் விடவும் அவரால் முடியவில்லை. ஒரு கிளை கோணலாக நீட்டிக்கொண்டிருந்தால், ஓரம் மடிக்காத சட்டையைப் பார்த்ததுபோல் கை பரபரக்கும். கடையிலிருந்து வந்ததும் கத்திரியோடு வேலியோரம் போனார். இரண்டு பெண்கள் பேசுகிற இடத்தில் எத்தனை நேரம்தான் ஊமையாக நிற்பது? ஒரு நாள் தொந்திக்கார வாடிக்கையாளர் ஒருவரின் கதையை எடுத்துவிட்டார். அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை ஒளித்தவர், சட்டையைப் போட்டு மூச்சு விட்டதும் பித்தான்கள் எல்லாம் தெறித்த கதை.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சொல்லி அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது.

"இதெல்லாம் என்கிட்ட ஏன் சொல்றதே இல்ல?" என்றாள்.

"நீதான் எப்பவும் இங்க நிக்கறியே. அதனாலதான் இந்த வேலியே வச்சேன்."

"தெரியும். அதனாலதான் தொட்டியோட அளக்க வச்சேன். உள்ள வந்தா நீங்க டீயைப் பாத்துப் பேசாம உட்கார்ந்திருப்பீங்க. இங்கயாவது வாயைத் திறக்கறீங்களே."

மாஸ்டருக்குக் கோபம்கூட வரவில்லை. நல்லவேளை, வெட்டுவதற்கு இன்னும் ஒரு கிளை இருந்தது.

நர்ஸம்மா செடிக்கு மேல் எட்டி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மனைவியின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எங்க வீட்டுக்காரரும் உம்முனேதான் இருக்காரு. இந்தச் செடி எங்க வாங்கினீங்க?"