கஸ்தூரிரங்கனின் போன் கீறல் படாமல் பிழைத்த வரலாறு

உலகத்தில் இதுவரை நடந்த மகத்தான விவாதங்கள் மூன்று. முதல் இரண்டும் எங்கே நடந்தன, யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் பாடு. மூன்றாவது விவாதம் மயிலாப்பூரில், நாகேஸ்வர ராவ் பூங்காவில், ஒரு சிமெண்ட் பெஞ்சில், நவம்பர் மாதத்துக் காலை ஆறே முக்காலுக்கு நடந்தது. விவாதப் பொருள்: ஸ்மார்ட்போனுக்கு உறை போடலாமா, கூடாதா?

போட்டே தீர வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் கஸ்தூரிரங்கன். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் நஷ்டத்தை மதிப்பிடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி, நனைந்த நூல் மூட்டை என்று ஆயுசு பூராவும் பார்த்துப் பார்த்து, உலகத்தில் உள்ள சகல பொருள்களும் உடைவதற்காகவே காத்திருக்கின்றன என்ற ஞானத்தை அடைந்தவர். அவர் வீட்டு டி.வி. ரிமோட், வாங்கிய அன்று வந்த பிளாஸ்டிக் தாளுக்குள்தான் இன்றும் வாசம் செய்கிறது. தாள் மங்கிப்போய் எந்தப் பட்டன் எது என்று தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? ரிமோட் புதிதாக இருக்கிறது. சோபாவுக்கு ஓர் உறை. உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு பெட்ஷீட். பெட்ஷீட் கசங்காமல் இருக்க, வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு, மகன் பரத்வாஜ் டொரண்டோவிலிருந்து ஒரு போன் அனுப்பிவைத்தான். ராகு காலம் கழிந்த பிறகு பெட்டி பிரிக்கப்பட்டது. முன்பக்கத்துக்குக் கண்ணாடி ஒட்டப்பட்டது. பின்பக்கத்துக்கு, ‘மாடியிலிருந்து போட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்று கடைக்காரர் சத்தியம் செய்த தடித்த கேஸ் மாட்டப்பட்டது. அதற்கும் மேலே, மனைவி ஜானு ஜாக்கெட் துணியில் நாடா வைத்துத் தைத்த ஒரு பை. போன் அடித்தால் நாடாவை அவிழ்த்து, பையை உருவி எடுப்பதற்குள் எதிராளி வைத்துவிடுவார். வந்த அழைப்பு ஒன்றைக் கஸ்தூரிரங்கன் எடுத்துப் பேசியதாகச் சரித்திரமே கிடையாது.

“அதனால என்ன? திருப்பிக் கூப்பிட்டா போச்சு. போன் போச்சுன்னா திருப்பிக் கூப்பிட முடியுமோ?” என்பார். 

எதிர்க்கட்சித் தலைவர் வெங்கடரமணன், ரசாயனப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போனை வெறும் உடம்போடு கையில் பிடித்துக்கொண்டு பூங்காவைச் சுற்றி வரும் துணிச்சல்காரர்.

“ஓய் ரங்கா, எவனோ ராப்பகலா உக்காந்து மெலிசா, வழவழன்னு பண்ணியிருக்கான். நீர் அதுக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டுட்டீர். அது போனா, செங்கல்லா?”

“ஸ்வெட்டர் போடாத குழந்தைக்குத்தான் சளி பிடிக்கும் ஓய்.”

“சரி, உறை போட்டதனால பிழைச்ச போன் ஒண்ணைக் காட்டும். நாளைக்கே நானும் மாட்டிக்கறேன்.”

“விழாத போனையெல்லாம் உறைதான் காப்பாத்தித்துன்னு எடுத்துக்கணும்.”

“அது வாதமில்லை ஓய். விழணும். விழுந்து பிழைக்கணும். அறிக்கை வேணும் எனக்கு.”

‘லஸ் காலைக் காற்று நண்பர்கள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் இது தீர்மானமாகவே நிறைவேறியது. உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர், அத்தனை பேரும் ஆண்கள். ஆதாரம் கிடைக்கும் வரை விவாதத்தை ‘நிலுவையில்’ வைப்பது என்று ஒருமனதாக முடிவெடுத்துவிட்டு, கலைந்து டிபன் சாப்பிடப் போனார்கள்.

இத்தனை பெரிய காரியம் நடந்துகொண்டிருந்த அதே வீட்டில் ஜானுவுக்கு ஒரு சின்னக் காரியம் இருந்தது. வீணை வாசிப்பாள். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தி. நகர் சபா ஒன்றில் கச்சேரி கேட்டுப் பதினோரு வருஷமாக விண்ணப்பம் போட்டு, இந்த வருஷம்தான் கடிதம் வந்திருந்தது. டிசம்பர் பதினெட்டு, மதியம் பன்னிரண்டே கால். சபா கேன்டீனில் சாப்பாட்டு இலை போடுகிற நேரம். மேடையில் இருப்பவர்களைவிட எதிரே இருப்பவர்கள் குறைவாக இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருக்கட்டுமே! மைக் இருக்கும், தம்புரா இருக்கும், பலகையில் பெயர் எழுதியிருக்கும். கடிதத்தைப் புடவை அடுக்குக்குக் கீழே வைத்திருந்தாள். தினமும் ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அன்றிலிருந்து கையைப் பற்றி அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சேனைக்கிழங்கு நறுக்குவதை நிறுத்தினாள். தேங்காய் உடைப்பதைப் பக்கத்து வீட்டுக்கு விட்டுக்கொடுத்தாள். கடைசியில் ஒருநாள் வாயைத் திறந்து கேட்டேவிட்டாள்.

“ஏன்னா, பதினெட்டாம் தேதி வரைக்கும் ஒத்திகைக்கு நான் ஆட்டோல போயிட்டு வந்துடறேனே. ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்தா எனக்குக் கை பயமா இருக்கு.”

கஸ்தூரிரங்கன் திடுக்கிட்டார். “நீ ஆட்டோல போயிட்டா போனை யார் பிடிச்சுப்பா?”

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஸ்கூட்டர் அதிர்ந்தால் போனின் கேமரா கெட்டுவிடும் என்று குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. ஆகவே ஹாண்டில்பாரில் மாட்டக் கூடாது. சட்டைப் பையில் வைத்தால் உடம்புச் சூடு. சீட்டுக்கடியில் வைத்தால் வண்டிச் சூடு. எஞ்சியிருந்த ஒரே பத்திரமான இடம், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஜானுவின் இரண்டு உள்ளங்கைகள். தோளைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. கோவிலில் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, வருகிற பள்ளத்துக்கெல்லாம் முழங்காலாலேயே ஈடுகொடுக்க வேண்டும். ஆறு மாதமாக அவள் அப்படித்தான் சென்னையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கம்பியை ஒரு கையால பிடிச்சுக்கட்டுமா?”

“ஒரு கையா? நழுவிடுத்துன்னா?”

“நான் நழுவிட்டா?”

“அசடு மாதிரிப் பேசாதே. நீ எங்க நழுவப்போறே? நான்தானே ஓட்டறேன்!”

இந்த உத்தரவாதத்துக்குப் பிறகும் சந்தேகப்படுகிற மனைவி இந்த ஊரில் உண்டா?

டிசம்பர் மூன்றாம் தேதி காலை போன் கண்ணாடிக்குள் கடுகளவு காற்றுக் குமிழி ஒன்று தென்பட்டது. கஸ்தூரிரங்கன் காபியைப் பாதியில் வைத்தார். உடனே தி. நகர் போய் வேறு கண்ணாடி ஒட்டியாக வேண்டும். ஜானுவுக்கும் அன்று தி. நகரில் மிருதங்கக்காரர் வீட்டில் ஒத்திகை. “பாத்தியா, போற வழிதான். உன்னை விட்டுட்டு, வண்டியையும் அங்கேயே விட்டுட்டு, கடைக்கு நான் நடந்தே போயிடறேன்” என்றார். எவ்வளவு தியாகம்!

தலைக்கு இருவருக்கும் ஹெல்மெட் இருந்தது, போலீஸ்காரர் கேட்பார் என்பதால். எல்டாம்ஸ் சாலையில் திரும்பியதும் கஸ்தூரிரங்கன் முதல் தடவை கேட்டார்: “பிடிச்சிண்டிருக்கியோ?”

“பிடிச்சிண்டிருக்கேன்.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி: “ரெண்டு கையாலயுமா?”

“ரெண்டு கையாலயும்தான். நீங்க ரோட்டைப் பாருங்கோ.”

மூன்றாம் தடவை கேட்கவில்லை. வாய்ப் பேச்சை நம்பி மதிப்பீடு எழுதும் வழக்கம் அவருக்கு உத்தியோகத்திலேயே கிடையாது. நேரில் பார்த்துவிடுவது என்று கழுத்தைத் திருப்பினார். ஜானுவின் இரண்டு கைகளும் போனில் இருப்பதைக் கண்ணால் கண்டு திருப்தி அடைந்த அந்த நொடியில், ஓரமாக நின்றுகொண்டிருந்த இளநீர் வண்டியின் பின்சக்கரத்தில் ஸ்கூட்டர் முட்டியது.

விழும்போது ஜானுவுக்கு நேரம் இருந்தது. அது அவளுக்குப் பிற்பாடு நன்றாக நினைவிருந்தது. கம்பியைப் பிடித்திருக்கலாம், கஸ்தூரிரங்கனின் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் அவளுக்குள்ளிருந்து எழுந்த ஒரே சொல் ‘ஐயையோ, போன்!’ என்பதுதான். அதை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இடதுபக்கமாகச் சாய்ந்தாள். போனுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் அவளுடைய இடது மணிக்கட்டு இருந்தது.

கஸ்தூரிரங்கன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து ஓடி வந்தார். “ஜானு! ஜானு! என்ன ஆச்சு? எங்கே காட்டு!”

அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. கையைக் காட்டினாள். அவர் அந்தக் கையிலிருந்து போனை எடுத்து, நாடாவை அவிழ்த்து, பையை உருவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லை! ஒரு கீறல் இல்லை! பெருமாளே!”

இளநீர் வண்டிக்காரி ஆரோக்கியமேரி கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்து ஜானுவைத் தூக்கி உட்கார வைத்தாள். “யம்மா, கைய ஆட்டாத. வீங்கிக்கினு வருது பாரு. விரலு அசையுதா?” என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். “இன்னா சார் நீ! பொண்டாட்டி ரோட்ல கீது, நீ செல்லுக்கு வைத்தியம் பாத்துக்கினு கீற!”

“இல்லைம்மா, கேமரா அதிர்ந்திருக்கும்…”

“அது அதிரட்டும். ஆட்டோவக் கூப்புடு மொதல்ல!”

படிப்பறிவு குறைந்தவர்களுக்கு முன்னுரிமைகள் இப்படித்தான் குழம்பிப்போகும். கஸ்தூரிரங்கன் அவளை மன்னித்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷண்முகப்ரியா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மாவுக்கட்டுப் போட்டார். “ஆறு வாரம் இந்தக் கையை அசைக்கக் கூடாதும்மா.”

“பதினெட்டாம் தேதி எனக்குக் கச்சேரி டாக்டர். வீணை. இடது கைதான் தந்தியை அழுத்திண்டு மெட்டுல ஓடணும்.”

“எந்த மாசம் பதினெட்டு?”

“இந்த மாசம்.”

 மாவு காயும்வரை டாக்டர் ஜானுவின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஜானு அங்கிருந்தே நர்ஸின் போனை வாங்கிச் சபாவுக்குப் பேசினாள். அதை எடுக்க எந்த நாடாவையும் அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. “அடடா! ஒண்ணும் கவலைப்படாதேங்கோ மாமி, அந்த நேரத்துக்கு நிறையப் பேர் காத்துண்டிருக்கா” என்று சபாக்காரர் ஆறுதல் சொன்னார். ஜானு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். பதினோரு வருஷம் போனதற்காக அழுதாள். விழுகிற நேரத்தில் தன் கை தனக்கே ஞாபகம் வராமல் போனதை நினைத்தபோது அழுகை நின்று ஆத்திரம் வந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு கஸ்தூரிரங்கன் வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இடையிடையே தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். நாலு மணிக்கு மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“மருந்து வாங்கிண்டு வந்துடறேன். அதுவரைக்கும் இதைப் பத்திரமா ரெண்டு கையாலயும்…” என்று ஆரம்பித்தவர், மாவுக்கட்டைப் பார்த்து, “சரி, இன்னிக்கு ஒரு கை போறும்” என்று பெருந்தன்மையோடு போனை அவளுடைய வலது கையில் வைத்துவிட்டுப் போனார்.

திரையில் குழு திறந்தே இருந்தது. ஜானு படித்தாள்.

“சம்பவ அறிக்கை. இடம்: எல்டாம்ஸ் சாலை. சம்பந்தப்பட்ட பொருள்: ஸ்மார்ட்போன், ஒன்று. சேதம்: இல்லை. உறைகளின் தற்போதைய நிலை வருமாறு. ஒன்று, பின்பக்கக் கேஸ்: நலம். இரண்டு, கண்ணாடி: குமிழி மட்டும், அது விபத்துக்கு முந்தையது. மூன்று, துணிப்பை: தூசு. நான்கு, ஜானு: இடது மணிக்கட்டில் விரிசல். சரிசெய்யத் தக்கது. மாற்ற வேண்டியதில்லை. ஆக, உறை அவசியம் என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டது.”

கீழே கைதட்டல்களும் மாலைகளும் வரிசையாக விழுந்திருந்தன. அவற்றுக்கு நடுவே வெங்கடரமணன் எழுதியிருந்தார்: “தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் ஓய். நாளை முதல் நானும் உறை. அந்த நாலாவது ரகம் எந்தக் கடையில் கிடைக்கும்?”

அதற்குக் கஸ்தூரிரங்கனின் பதில்: “கடையில் கிடைக்காது. மாமனார் கொடுத்தது. முப்பத்தொரு வருஷமாக உழைக்கிறது!”

அதன்கீழே, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் திரை கொள்ளாமல் வழிந்தன.

ஜானு அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு போனை வயிற்றின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து அனுப்பினாள்.

“உறை எண் நான்கின் வாரண்டி இன்றோடு முடிந்தது. இப்படிக்கு, ஜானகி.”

ஒரு நிமிஷத்துக்குள் எல்லாரும் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன. பாதுகாப்பைப் பற்றி நாள் கணக்கில் வாய் ஓயாமல் பேசிய அந்த மகாசபையில் ஒருவரும் பதில் போடவில்லை. மணி நாலேகால். அவரவர் வீட்டு நாலாவது உறை, அடுக்களையில் அவரவருக்குக் காபி கலந்துகொண்டிருந்தது.