சூப்பர்வைசர் பாஸ் செய்த கசாயம்

தோல்வி என்ற சொல்லைக் கேள்விப்படாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் புதுச்சத்திரம் பக்கம் எங்கள் தெருவில்தான் இருந்தார். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டுத் திரும்பியவர். பூச்சி விரட்டத் தழைக் கரைசல் தயாரிக்க ஆரம்பித்ததும் அவர் பெயரே கசாயக்காரர் ஆகிவிட்டது.

அவரிடம் ஒரு கிடா இருந்தது. பெயர் சூப்பர்வைசர். எந்தத் தழையைப் பறித்தாலும் முதலில் அதன் மூக்கருகே நீட்டுவார். தின்றால் அந்தத் தழை பெயில். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பாஸ்.

"ஆடே வேண்டாம்னா பூச்சி எப்படிங்க தொடும்?" என்பார்.

நொச்சி, எருக்கு, ஆடாதொடை எல்லாம் பாஸ். வேப்பந்தழையை மட்டும் சூப்பர்வைசர் கட்டோடு தின்றுவிட்டது. "அப்ப வேப்பங்கொட்டைய இடிச்சுக்கலாமுங்க" என்று அசராமல் சட்டத்தைத் திருத்தினார்.

எல்லாவற்றையும் இடித்துக் கோமியத்தில் ஊறப்போடுவார். டிரம் மூடியைத் திறந்தால் தெருவில் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். ஒருமுறை குடத்தோடு ராசிபுரம் பஸ்ஸில் ஏறினார். நிற்க இடமில்லாத பஸ்ஸில் அவருக்கு மட்டும் மூன்று பேர் சீட்டு கிடைத்தது.

நான் முதன்முதலாக இயற்கை முறையில் கத்தரி போட்டிருந்தேன். காய் பிடிக்கும் நேரத்தில் புள்ளி வண்டு இறங்கி இலைகளைச் சல்லடையாக்கியது.

"திங்கக்கிழமை கடை மருந்து அடிச்சிருவேன். அப்பறம் இயற்கை கியற்கைனு பேசப்படாது" என்றுவிட்டார் என் வீட்டுக்காரர்.

கசாயக்காரரிடம் போய் நின்றேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. அவருக்கு அந்தக் குறை இல்லை. தெருவே கேட்கும்படி அறிவித்தார்.

"அம்மிணி, ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டு போகலீனா, சூப்பர்வைசர அடிச்சு ஊருக்கே கறிச்சோறு போடறேனுங்க!"

அன்று முதல் ஊரே வண்டு கட்சி.

"ஏனுங்கக்கா, வண்டு சௌக்கியமுங்களா?" என்று டீக்கடைக்காரர் தினமும் விசாரித்தார். பக்கத்து வீட்டுச் சரசக்கா கிடாவின் தொடையைத் தடவிப் பார்த்துவிட்டு மசாலா அரைக்கப் போனாள்.

"தடவிக்கங்க, தடவறதோட சரி" என்று சிரித்தார் கசாயக்காரர்.

கரைசலை அடித்தோம். வண்டுகள் குறைந்தன. புதுத் துளிரைத் தொடவில்லை. ஆனாலும் சனிக்கிழமை மாலை அங்கங்கே புள்ளி புள்ளியாக உட்கார்ந்துதான் இருந்தன.

"மெதுவாத்தானுங்க கேக்கும். நாளைக்கு வந்து பாருங்க." கசாயக்காரர் குரலில் துளி நடுக்கமில்லை.

ஞாயிறு விடியும்போது தண்ணீர் திருப்பப் போனேன். கத்தரிச் செடிகளுக்குள் கசாயக்காரர் குனிந்திருந்தார். இலை இலையாகப் புரட்டி, வண்டையும் புழுவையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீர்ச் சொம்பில் போட்டுக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரை வேலியில் கட்டியிருந்தார்.

"கத்தாதடா சாமி, இன்னும் ரண்டு பாத்திதான்" என்று அதனிடம் கெஞ்சினார்.

நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

வெயில் ஏறியதும் ஊர் திரண்டு வந்து இலைகளைப் புரட்டியது. வண்டைக் காணோம். சரசக்கா முகம் வாடியது.

"எப்படிங்க நம்ம கசாயம்?" என்று கேட்ட கசாயக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இடுப்புதான் நிமிரவில்லை.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு எதிரே இருந்த இலையில் அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு வண்டு, நிதானமாக நடந்துகொண்டிருந்தது. சட்டென்று பிடித்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"கசாயம் நல்லாக் கேட்டிருச்சுங்க" என்றேன், நாலு பேர் முன்னால், சத்தமாக.

வீடு போய்ச் சேரும்வரை கையைத் திறக்கவில்லை.