ஆயிரம் மாகே

"ஜமால்தீன் வீட்டு ஜாடி ஆயிரமாம். எங்கட உம்மாட ஜாடி வெறும் முன்னூத்தி அறுபத்தி நாலு. மருமகன் வாங்கிக் குடுத்த லட்சணமா இது?"

மனைவி ருக்கியா இப்படிக் கேட்டதும் மஹ்மூதுக்குச் சோறு இறங்கவில்லை. கண்டியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். நிறுவையில் குறை என்று ஒரு குஞ்சு குருமான்கூட அவரைச் சொன்னதில்லை. மாமியார் ஹவ்வா உம்மாவின் முழங்கால் வலிக்கென்று கொழும்பு வரை போய் அந்த ரேடியம் ஜாடியை வாங்கி வந்திருந்தார். உள்ளே ஒரு கல். அது ஊறிய தண்ணீர்தான் மருந்து; அதன் வீரியம்தான் ஜாடியில் பொறித்த அந்த எண். அந்த நாளில் ரேடியம் என்றால் துரைமாரே வாயைப் பிளந்தார்கள்.

குடியிருப்பதோ மாமியார் வீட்டில். சும்மா இருக்க முடியுமா? அதே கல் இன்னும் இரண்டு தருவித்து ஜாடிக்குள் போட்டார். ஆக மொத்தம் ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு! பக்கத்து வீட்டு ஜமால்தீன் தோற்றான். மாமியாரும் மூன்று வேளையும் குவளையைக் காலியாக்கி, "கால் லேசாயிட்டுது மகன்" என்றார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, நகரசபை கிளாக்கர் வீரய்யா பருப்பு வாங்க வந்தார். மஹ்மூத் இரண்டு ஜாடிக் கணக்கையும் பெருமையாக ஒப்பித்தார்.

"மொதலாளி, ரேடியத்த அளக்க ரெண்டு அளவு இருக்கு. அவங்களது மாகே கணக்கு, ஒங்களது கியூரி கணக்கு. அந்த ஆயிரமும் இந்த முன்னூத்தி அறுபத்தி நாலும் ஒண்ணுதாங்க."

"அதெப்பிடி ஒண்டாகும்?"

"ஒரு அந்தரும் நூத்திப் பன்னெண்டு ராத்தலும் ஒண்ணுதானே? நாள் முழுக்க அதத்தானே நிறுக்கிறீங்க!"

"அப்ப மூணு கல்லு?"

"மூவாயிரம் மாகே. ஐயையோ, யாருக்கும் குடுத்துடாதீங்க! அமெரிக்காவுல ஒருத்தரு இந்தத் தண்ணியக் குடிச்சே தாடையெலும்பு உளுத்துச் செத்துட்டாராம். பேப்பர்ல போட்டிருக்கான்."

பருப்பை நிறுக்காமலே அள்ளிக் கொடுத்துவிட்டு மஹ்மூத் வீட்டுக்கு ஓடினார். மாமியார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தாடை இன்னும் இருந்தது.

"மாமி, இனி அரைக் குவளை போதும்."

"தண்ணியிலயுமா கஞ்சத்தனம்?" ருக்கியா ஒரு செம்பு நிறைய ஊற்றி வைத்தாள்.

ஜாடியையே தூக்கிப் பார்த்தார். "குடுத்ததத் திருப்பி எடுக்கிறாரே, ஊர் சிரிக்காதா?" என்று அவள் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வேலியில் போன ஓணானை மடியில் கட்டியாயிற்று, இனி குடையுதே என்றால் முடியுமா?

மஹ்மூத் மாமியாரின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினார்: மாகே, கியூரி, மூன்று கல், அமெரிக்காக்காரன் தாடை.

"மன்னிச்சுக்கோங்க மாமி! ஒங்களுக்கு ஒண்டு ஆனா இந்தப் பாவிக்கு மன்னிப்பே இல்ல!" மனிதர் நிஜமாகவே அழுதார்.

ஹவ்வா உம்மா அவர் தலையைத் தடவினார். "அழாதீங்க மகன். கல்லு ஊறின தண்ணிய ஆரு குடிப்பா? நான் ஒரு நாளும் வாயில வெச்சதில்ல. ஒங்கட மனசு நோகக் கூடாதே என்டுதான் கால் லேசு என்டு சென்னேன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" மஹ்மூதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப எல்லாத்தையும் வெளிய ஊத்திட்டீங்க?"

"ஊத்துறதா? மருமகன் ஆசையா வாங்கினத வீணாக்குவேனா? ஒரு சொட்டு விடாம ஒங்களுக்குத்தான் தேத்தண்ணி போட்டுத் தந்தேன்."