மாஸ்டர் கொடுக்காத யானை

தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேசத் தைரியமெல்லாம் தேவையில்லை. கையில் ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். எனக்கு அந்த மைக் கிடைத்தது ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில், என் மச்சினன் சரவணன் செஸ் வகுப்பு தொடங்கிய நாளன்று.

சரவணன் பெங்களூரில் நல்ல வேலையை உதறிவிட்டு, "பிள்ளைங்களுக்கு செஸ் சொல்லித் தரப் போறேன்" என்று ஊர் திரும்பியவன். என் மாமியாருக்கு ஒரே மகன். "இன்னைக்கு ஒரு பத்துப் புள்ளைங்களாவது சேரலைன்னா மறுபடியும் பொட்டியைக் கட்டிடுவான் மாப்பிள்ளே. கண்ணு முன்னாடி இருக்கணும்னு பார்க்கறேன்" என்று காலையிலிருந்தே என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தார். (நானும் உதவப் போகிறேன் என்று அப்போதே தெரிந்திருந்தால் புலம்பல் ஒப்பாரியாகவே மாறியிருக்கும்.)

பெற்றோர்களைக் கவர சரவணன் பெரிய ஏற்பாடு செய்திருந்தான். சென்னையிலிருந்து ஒரு செஸ் மாஸ்டரை அழைத்திருந்தான். அவர் வாலிப வயதில் ஆடிய அதிரடியான ஆட்டம் ஒன்றை, அவரையே முன்வரிசையில் உட்கார வைத்து, மேடையில் பெரிய பலகையில் நகர்த்திக் காட்டி ரசிப்பதாகத் திட்டம். ஆனால் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டதில் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி காற்றுதான் வந்தது.

"நான் பேசறேன்" என்றேன்.

"உங்களுக்கு செஸ் தெரியுமா?" என்று கேட்டாள் என் மனைவி தேன்மொழி.

"தினமும் போன்ல ஆடறேனே, பார்த்ததில்லையா?"

"தினமும் தோக்கறீங்க. அதைத்தான் பார்த்திருக்கேன்."

வேறு ஆள் கிடைக்காததால் சரவணன் தலையாட்டினான். காலை முழுக்க உட்கார்ந்து அந்த ஆட்டத்தை எனக்குச் சைகையிலேயே சொல்லிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளை ஒப்பித்தவனுக்கு இது பெரிய விஷயமா? எந்தக் காய், எந்தக் கட்டம் என்று வரிசையாக மண்டையில் ஏற்றிக்கொண்டேன். ஏன் அப்படி ஆடினார் என்பது மட்டும் ஏறவில்லை. அதற்குத்தான் மைக் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. பட்டு வேட்டியில் மேடையேறினேன். இரும்புத் தகட்டுப் பலகை ஒன்றைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். காய்களெல்லாம் காந்தம் ஒட்டிய தட்டை வில்லைகள். இரவல் பலகை, கிழட்டுக் காந்தம். புழுக்கம் தாங்காமல் யாரோ மேடை ஃபேனை முழு வேகத்தில் வைக்க, பலகை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

ஆரம்பம் அமோகம். மாஸ்டர் தன் மந்திரியைக் கொடுத்து எதிராளியின் ராஜாவைக் கோட்டையிலிருந்து வெளியே இழுத்தார். "ஆஹா!" என்றேன். குதிரை பாய்ந்தது. "அடடா!" ராணி வந்து வழியை மறித்தது. "என்ன ஒரு கற்பனை பாருங்க!" இந்த மூன்று வார்த்தையை மாற்றி மாற்றிப் போட்டே பாதி ஆட்டத்தை ஓட்டினேன். முன்வரிசையில் மாஸ்டர் கூச்சத்தோடு சிரித்தார். மாமியார் என்னைப் பெருமையாகப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

மாஸ்டரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு யானை. அதை மூன்றாம் வரிசைக்கு ஏற்றி ஒட்டிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். அடுத்து அந்த யானை ஓரத்துக்குப் போக வேண்டும். செக், மேட், கைதட்டல். மறுபடியும் பலகையைப் பார்த்தால் யானையைக் காணோம்!

கீழே விழுந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. ஏதோ ஒரு நகர்த்தலை மறந்துவிட்டேன், அதில் யானை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இங்கதாங்க மாஸ்டர் தன்னோட கடைசி யானையையும் தியாகம் பண்றாரு!"

சபை சிலிர்த்தது. மூன்றாம் வரிசையில் ஒரு தகப்பனார் எழுந்து, "அதை எது சார் வெட்டுச்சு?" என்றார்.

"வெட்டணும்னு அவசியமே இல்லீங்க. மனசளவுல குடுத்தாச்சு."

அவர் ஏதோ புரிந்ததுபோல் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில்தான் தேன்மொழி என் காலடியைச் சுட்டிச் சுட்டிக் காட்டுவது கண்ணில் பட்டது. வேட்டி அவிழ்கிறது போலிருக்கிறது! சட்டென்று திரும்பி, மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேட்டியை இறுக்கிக் கட்டினேன். நான் விட்ட முக்கல் ஸ்பீக்கர் வழியாக வீதி வரை போயிற்று. மறுபடியும் கீழே காட்டினாள். மறுபடியும் இறுக்கினேன். மூச்சு விடச் சிரமமாயிற்று.

தேன்மொழி வேறு வழியில்லாமல் ஒரு கையை மூக்குக்கு முன்னால் நீட்டித் தும்பிக்கைபோல் ஆட்டிக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துண்டால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டேன். பின்வரிசையில் சரவணன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். காற்றுதான் வந்தது.

நான் பேச்சை விடவில்லை. "யானை இல்ல. ஆனா எதிராளிக்குப் பயம் போகல. இல்லாத யானைக்குப் பயந்தே ஆட்டத்தை விட்டுடறாரு! இதுதாங்க மாஸ்டர்!"

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. அப்போது மாஸ்டர் மெதுவாக எழுந்தார்.

"தம்பி, நான் யானையைக் குடுக்கவே இல்லையேப்பா."

அங்கேயே கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். விதி விடுமா?

"உங்களுக்குத் தெரியாது சார். ஆடறவங்களுக்கு அதோட ஆழம் புரியாது. வெளிய இருந்து பார்க்கற எங்களுக்குத்தான் தெரியும்."

மாமியார் எழுந்தார். புடவையைச் செருகிக்கொண்டு மேடையேறி, என் முன்னால் குனிந்தார். ஒரு கணம் என் பேச்சில் உருகிக் காலில் விழுகிறாரோ என்றுகூட நினைத்துவிட்டேன்.

"மாப்பிள்ளே, அந்தக் காலைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினேன். அடியில் யானை இருந்தது.

மண்டபம் சிரித்த சிரிப்பை வர்ணிக்க எனக்கு மனசு வரவில்லை. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்தார். யானையை வாங்கி ஓரக் கட்டத்தில் ஒட்டினார். "மந்திரியைக் குடுத்தது, குதிரையை விட்டது, எல்லாமே இது இங்க வந்து நிக்கறதுக்குத்தான். இவரு காலுக்கடியில அன்னைக்கு மாட்டியிருந்தா நான் தோத்திருப்பேன்" என்றார். பிறகு ஒவ்வொரு காயும் எதற்கு வந்தது என்று அவரே விளக்கினார். பிள்ளைகள் மேடையருகே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கே அப்போதுதான் அந்த ஆட்டம் புரிந்தது. நிஜமாகவே அழகான ஆட்டம்.

பத்துப் பேர் என்ன, நாற்காலி பத்தாத அளவுக்குப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். சரவணன் பெட்டியைக் கட்டவில்லை. "அந்த வேட்டி மாமா வருவாரா?" என்று கேட்டுச் சேர்ந்தவர்களே பாதிப் பேராம். ஆனாலும் வகுப்பு நடக்கும்போது நான் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது குடும்பத்தின் ஏகமனதான தீர்மானம்.

இப்போது வீட்டில் நான் எதைத் தொலைத்தாலும், கண்ணாடியோ வண்டிச் சாவியோ, யாரும் தேடி உதவுவதில்லை. "தியாகம் பண்ணிட்டாரு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.

போன மாதம் இரண்டு காரில் முக்கொம்பு அணைக்குச் சுற்றிப்பார்க்கப் போனோம். திரும்பும்போது மாமியார் சரவணன் காரில் இருக்கிறார் என்று நான் நினைத்தேன். என் காரில் இருக்கிறார் என்று சரவணன் நினைத்தான். பாதி வழியில் தேன்மொழியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மாமியார் கோபப்படவில்லை, கத்தவில்லை. நிதானமாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"மாப்பிள்ளே, என்னையத் தொலைச்சுட்டீங்களா, இல்ல தியாகம் பண்ணிட்டீங்களா?"