பேஸ்பால் அண்ணாச்சியின் ஒன்பதாவது ஆள்

இரண்டாயிரங்களின் குவைத்தில் பேஸ்பால் பற்றி அக்குவேறு ஆணிவேறாகப் பேசத் தெரிந்த ஒரே தமிழர் எங்கள் பேஸ்பால் அண்ணாச்சிதான். அவரும் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை!

ஃபஹாஹீலில் ஒரே ரூமில் மூன்று பேர் இருந்தோம். ஊர் திரும்பும் அமெரிக்கர்களின் வீட்டுச் சாமான்களைப் பெட்டி கட்டுவது அண்ணாச்சியின் வேலை. அப்படி ஒரு வீட்டில் குப்பைக்குப் போகவிருந்த பிஸ்கட் டின்னைக் கேட்டு வாங்கி வந்தார். உள்ளே அந்தக் காலத்துப் பேஸ்பால் கார்டுகள். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவர் ஜாதகம். ஒரே டீமில் எட்டுப் பேர், மற்ற டீம்களில் சில உதிரிகள். ஆடுவதற்கோ ஒன்பது பேர் வேண்டும். அந்த ஒன்பதாவது ஆளுக்கு அண்ணாச்சி அலைந்த அலைச்சல், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கூட அலைந்திருக்க மாட்டார்.

சோற்றில் கை வைக்கும்போதுதான் ஆரம்பிப்பார். "இவன் யாரு தெரியுமாவே? சீசன் முடிஞ்சா சவப்பெட்டிக் கடையில சோலி!" எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் கடைத்தெருவில் போலீஸ்காரர் சிவில் ஐடி கேட்டார். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டியது பேஸ்பால் கார்டு. போலீஸ்காரர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, நீயா என்று சைகையில் கேட்டார்.

"மாஃபி, நோ சார். இவன் லெஃப்ட் ஹேண்ட்" என்றார் அண்ணாச்சி, பதறாமல். போலீஸ்காரர் சிரித்துவிட்டதால் பிழைத்தோம்.

கடைசியில் அந்த ஒன்பதாவது கார்டு ஒரு அமெரிக்க எஞ்சினியரிடம் இருப்பது தெரிந்தது. உதிரிகளில் ஒன்றைக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். வெள்ளிக்கிழமை ரூமுக்கே வந்துவிட்டார். அண்ணாச்சி புதுமாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டு நின்றார்.

அப்போதுதான் எங்கள் மூன்றாவது ஆள், கீழக்கரை லேமினேஷன் பாய், டின்னோடு உள்ளே வந்தார். ஃபஹாஹீலிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். வளைகுடாவில் நம் ஆட்கள் கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் முதலில் லேமினேஷன், அப்புறம்தான் படிப்பது.

"வெள்ளைக்காரன் முன்னாடி கசங்கலா இருந்தா நமக்கு அசிங்கம்ல? எல்லாத்தையும் மெஷின்ல விட்டு எடுத்துட்டேன் அண்ணாச்சி. இனி தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது!"

அடப்பாவி! அமெரிக்கர் ஒரு கார்டைத் தொட்டார், வெளிறிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் கார்டு சேகரிக்கிறவர் எவரும் அதைச் சீந்தமாட்டாராம். "இதெல்லாம் செத்துப்போச்சு. எந்த முட்டாள் பண்ணினான்?" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

பாய் கதவுப் பக்கம் ஒதுங்கினார். அண்ணாச்சி முன்னால் வந்தார்.

"மீ சார். மீ லேமினேஷன்."

ஒன்பதாவது ஆளைப் பையில் போட்டுக்கொண்டு அமெரிக்கர் போய்விட்டார்.

பாய் அழுதேவிட்டார். "நாலு வார்த்தை திட்டிப்புடுங்க அண்ணாச்சி."

"திட்ட என்னவே இருக்கு? உம்ம பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு தாரும்."

மறுநாள் சுவரில் எட்டு ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஒன்பதாவதாக, பளபளவென்று லேமினேட் ஆகி, நம்ம பாய்! கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அண்ணாச்சியின் கையெழுத்து: "பிறந்த ஊர் கீழக்கரை. வலது கை. சீசன் முடிந்தாலும் நம்ம ரூம்தான்."

டீமில் ஒன்பது பேருக்குத்தான் இடமாம். அந்த லேமினேஷன் மெஷினை நான் ஓட்டியிருக்கக் கூடாதா என்று இன்றும் ஏக்கமாக இருக்கிறது.