பம்பர் போட்ட அன்றைக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். என்ன சத்தம் கேட்டாலும் வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். வெளியே என் காருக்கு என் மனைவியும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரும் பம்பர் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாட்டட்டும். அவர்களால் முடியாது. முடியாமல் போனால்தான் எனக்கு மரியாதை.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் என்ன சமையல், என்ன நிறத்தில் திரைச்சீலை, யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது, எனக்கு எப்போது தூக்கம் வரும், எல்லாம் அவள் முடிவு. எனக்கு அதில் குறையில்லை. பேருந்துப் பணிமனைக் கிடங்கில் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். நட்டு எதிர்த்துப் பேசாது. அதனால் எனக்குப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் நான் வேறு ஆள். இடது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போகும். வலது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போகும். நான் சொல்வதைக் கேட்கும் ஒரே ஜீவன் அதுதான்.

பழைய கார். உருண்டைக் கண், உப்பிய கன்னம், வெளிர் பச்சை. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். பாலிஷ் போடலாம் என்று பம்பர்களைக் கழற்றினேன். பாதி கையோடு வந்தது, பாதி துருவாகத் தரையில் உதிர்ந்தது. அன்று முதல் வண்டி பொக்கை வாயோடு நின்றது.

அந்தச் சமயம் பார்த்து என் மனைவி டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, நாளையிலேர்ந்து நான் ஓட்டறேன்."

முடியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே சுற்றிவளைத்தேன்.

"தாராளமா ஓட்டு. ஆனா வண்டிக்கு பம்பர் இல்லையே?"

"பம்பரைப் புடிச்சுக்கிட்டா ஓட்டறாங்க?"

"புதுசா ஓட்டறவங்க முன்னபின்ன இடிப்பாங்கம்மா. அதுக்குத்தானே பம்பர்? பம்பர் போட்ட அன்னிக்கு டிரைவர் சீட்டு உனக்குத்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"நான் சாட்சி, அக்கா!" என்று மதிலுக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பல் டாக்டர். என் மனைவியை அக்கா என்பார். அந்த முறையில் நான் அவருக்கு மாமா. மாமாவைக் கிண்டல் செய்வதற்கு லைசென்ஸ் எதுவும் வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

எனக்குத் துளியும் பயமில்லை. இந்த வண்டிக்குப் பம்பர் இந்த உலகத்திலேயே கிடையாது. கையிருப்பில் இல்லாத சாமானுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாக்குக் கொடுக்கலாம். கிடங்கில் நான் கற்றது அது.

அடுத்த மாதமே வீட்டு வாசலில் இரண்டு நீளப் பெட்டிகள் வந்து இறங்கின. பழைய கார்களுக்கு அதே வடிவத்தில் துருப்பிடிக்காத எஃகில் புதுப் பம்பர் அடித்துத் தரும் பட்டறை ஒன்று இருக்கிறதாம். டாக்டரிடம் கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஒருவர், திறந்த வாயை மூடாமலேயே அதன் முகவரியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பெட்டியைப் பிரித்தாள். வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. அதில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. பம்பர் வளைந்திருப்பதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டேப்பை எடுத்து அளந்தேன். என் அதிர்ஷ்டம், ஒரு குறை கிடைத்தது.

"பாரு, துளைக்கும் துளைக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர் கூடுதல். பிராக்கெட்டுல உக்காராது."

"மூணு மில்லிமீட்டரா? மூணு மைலுன்னு சொல்ற மாதிரி சொல்றீங்க."

"இது ஒரிஜினல் இல்லம்மா. பின்னாடி யாரோ பண்ணினது. ஒரிஜினல் மாதிரி வராது."

"உங்க மேல்வரிசைப் பல்லு ஒரிஜினலா?"

மதிலுக்கு மேலே தலை முளைத்தது. "அது நான் பண்ணினது, மாமா. இதுவரைக்கும் ஒரு புகார் இல்லையே?"

"பல்லு வேற, பம்பர் வேற" என்றேன். என் குரலே எனக்கு எடுபடவில்லை. ஆனாலும் உறுதியாகச் சொன்னேன். "என்னால மாட்ட முடியாது. திருப்பி அனுப்பிடு."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, நீங்க சிரமப்பட வேணாம். நாங்களே மாட்டிக்கறோம்" என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதனால்தான் அந்தச் சபதமும் செய்தித்தாளும். ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அதை மூடவேண்டும் என்று சபதத்தில் சேர்க்க மறந்துவிட்டேன்.

"டாக்டர் தம்பி, இந்த ஸ்பேனர் சேரலையே?"

"எந்தப் பக்கம் பெருசா இருக்கோ அதைப் போட்டுத் திருகுங்க அக்கா. எல்லாம் ஒண்ணுதான்."

செய்தித்தாளை மடியில் இறக்கினேன். எல்லாம் ஒன்றா? அப்படியானால் ஆயுசு பூராவும் நான் கிடங்கில் எதைப் பிரித்துப் பிரித்து வைத்தேன்?

"இந்த வட்டமா, தட்டையா, நடுவுல ஓட்டையா இருக்கே, இது எதுக்கு?"

"வாஷரா? சும்மா அழகுக்கு. வேணாம்னா தூக்கிப் போட்டுடுங்க."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் செய்த பல், தாங்கியது.

"இடது பக்கம் கொஞ்சம் மேலே தூக்கின மாதிரி இருக்குல்ல?"

"வலது பக்கத்துலேர்ந்து பார்த்தா தெரியாது அக்கா."

"நாலு போல்ட்டு மிச்சம் இருக்கே?"

"தாராளமா குடுத்திருக்காங்க. நல்ல பட்டறை."

எழுந்தேன். உட்கார்ந்தேன். ஒரு செய்தியை முதலிலிருந்து படித்தேன். எங்கோ ஒரு பாலம் கோணலாகக் கட்டியிருக்கிறார்களாம். மறுபடியும் எழுந்தேன்.

"துளை சேரலை தம்பி. என்ன பண்ணலாம்?"

"சுத்தியலை எடுங்க. ரெண்டு போடு போட்டா தானா உக்காரும்."

சபதம் கிடக்கட்டும் என்று வெளியே பாய்ந்தேன்.

"நிறுத்துங்க!"

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முன்பம்பர் ஒரு பக்கம் புருவத்தைத் தூக்கி என்னைக் கேலியாகப் பார்த்துக்கொண்டு தொங்கியது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரு மனிதன் எப்படிச் சோறு தின்பான்?

"தள்ளுங்க ரெண்டு பேரும். இது என்ன கொட்டகைக்குக் கதவு மாட்டறதா?"

"நீங்கதான் முடியாதுன்னீங்களே?" என்றாள் அவள், மிகவும் பணிவாக.

"சுத்தியலால முடியாதுன்னேன். அரத்தை எடு."

மூன்று மில்லிமீட்டர்தானே? பிராக்கெட்டின் துளையை உருண்டை அரத்தால் பக்கவாட்டில் கொஞ்சம் ராவினேன். பம்பர் சாதுவாக வந்து உட்கார்ந்தது. ரப்பர், அதன் மேல் தட்டை வாஷர், அதன் மேல் ஸ்பிரிங் வாஷர், பிறகு நட்டு. கை நீட்டினால் கையில் வந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் சரியான ஸ்பேனரைச் சரியான பக்கமாகத் திருப்பிக் கொடுத்தாள். சற்று முன் வாஷர் எதற்கு என்று கேட்டவள்தான். ஆனால் வேலை மும்முரத்தில் நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. தரையிலிருந்து இரண்டு முனைக்கும் உயரம் அளந்தேன். ஒரு நூல் வித்தியாசமில்லை. டாக்டர் கைதட்டினார்.

பின்பம்பருக்கு வந்தேன். அதற்கு நட்டை டிக்கிக்கு உள்ளேயிருந்துதான் முடுக்க வேண்டும்.

"டிக்கி பூட்டியிருக்குங்க" என்றாள்.

எனக்குப் பொறுமையில்லை. நான் தரையில் மல்லாந்து கிடந்தேன், இரண்டு கையாலும் பம்பரைத் தாங்கிக்கொண்டு. "என் சட்டைப் பையில சாவி இருக்கு. எடுத்துத் திற. சீக்கிரம்!"

எடுத்தாள். திறந்தாள். உள்ளேயிருந்து அவளே முடுக்கினாள். நல்ல முடுக்கு. அதையும் பாராட்டினேன்.

எல்லாம் முடிந்தது. துணியால் துடைத்துவிட்டு, சாலைவரை பின்னால் நடந்து போய் நின்று பார்த்தேன். புதுப் பல் கட்டிக்கொண்டு முதல் முறையாகச் சிரிப்பதுபோல் வண்டி சிரித்தது. என் கண் கலங்கிவிட்டது. இத்தனை நேர்த்தியாக இந்த ஊரில் யாரால் மாட்ட முடியும்?

அப்போது வண்டி உறுமியது.

டிரைவர் சீட்டில் என் மனைவி. பக்கத்தில் டாக்டர், பெல்ட்டெல்லாம் போட்டுக்கொண்டு. டிக்கிக்கும் இன்ஜினுக்கும் ஒரே சாவி என்பது எனக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது.

"ஏம்மா... இரு... நட்டை இன்னொரு தடவை முடுக்கிப் பார்த்துடலாமே?"

"நீங்க மாட்டினதாச்சே, கழண்டுடுமா என்ன?"

ஆமாம் என்று சொன்னால் என் வேலைக்கு அவமானம். இல்லை என்று சொன்னால் சீட்டு போச்சு.

"சத்தியம், மாமா" என்றார் டாக்டர். "நான் சாட்சி."

"கதவு திறந்திருக்கு. பின்னாடி ஏறிக்கோங்க" என்றாள் அவள்.

ஏறினேன். இத்தனை வருடத்தில் அந்தப் பின்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அவள் ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டியை வெளியே எடுத்தாள். எதன் மேலும் இடிக்கவில்லை. இடித்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன், உடனே பம்பரை நினைத்து வேண்டாம் என்றேன்.

தெருமுனையில் பழக்கடைக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். குனிந்து குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தார்.

"அடேயப்பா, ஒரிஜினலே தோத்துடும் போலிருக்கே! யாரும்மா மாட்டினது?"

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

என் மனைவி கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க பழைய டிரைவர்."