ஐந்தாம் எபிசோடில் என் வாய்

நான் அஞ்சாம் வகுப்போடு படிப்பை ஏறக்கட்டியவன். (அஞ்சாவதும் முழுசாக இல்லை.) இருந்தும் கீரப்பாளையத்தில் ரெண்டு ரைஸ்மில், சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம், எல்லாம் என் கையால் உண்டாக்கியவை. எனக்குப் புரியாத வியாபாரம் உலகத்தில் இல்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டால் அது உண்மையும்கூட.

ஒரு சினிமா கம்பெனி என் மில்லில் படம் பிடிக்க வந்தது. தியேட்டருக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், டிவி சீரியலில் இறங்கி, இப்போது போனில் பார்க்கிற வெப் சீரிஸுக்கும் வந்துவிட்டார்களாம். நெல் அரைத்தவன் தவிட்டு எண்ணெயிலும் இறங்குவதில்லையா, அது மாதிரி. வீட்டுக்குள் வருகிற சரக்கு என்றால் மாமியார் அழுவாள், மருமகள் அழுவாள், அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டினேன்.

என் மீசையைப் பார்த்துவிட்டு டைரக்டர் முதலாளி வேஷம் கொடுத்தார். ஹீரோவுக்கு நேரே விரலை நீட்டித் திட்ட வேண்டும். ஒரே டேக். (ஹீரோவுக்கு நாலு.)

இதை என் சம்பந்தி பார்த்தே ஆகவேண்டும். கடலூர்க்காரர், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் பெண்ணைக் கொடுத்து ஒரு வருஷமாகியும் என்னை ‘மில்லுக்காரர்’ என்பார். அவர் வாயால் ஒருநாள் ‘சம்பந்தி’ என்று கேட்க வேண்டும். வெற்றிலைபாக்குத் தட்டோடு போய் நின்றேன்.

“நான் நடிச்ச தொடர் வருதுங்க. நம்ம மண்டபத்துல திரை கட்டிப் போடறோம். குடும்பத்தோட வரணும்.”

“ஹீரோகிட்ட என்ன பேசுறீங்க?”

“புத்தி சொல்றேங்க.” (மில்லில் திட்டுவதும் புத்தி சொல்வதும் ஒன்றுதான்.)

ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர், கேசரி, காப்பி. மாப்பிள்ளை வந்து, “மாமா, எட்டு எபிசோடும் ஒண்ணா வந்துடுச்சு. உங்க சீன் எதுல?” என்றார். யாருக்குத் தெரியும்? முதலிலிருந்தே போடச் சொன்னேன்.

ஹீரோ வாயைத் திறந்தான். பெண்கள் காதைப் பொத்தினார்கள்.

“ஏங்க, இதுக்கா தட்டு வெச்சு கூப்டீங்க?” என்றாள் என் மனைவி.

“சென்சார் இல்லியா மாமா?” என்றான் அவள் தம்பி, என் மச்சான்.

“போன்ல வர்றதுக்கு அதெல்லாம் கெடையாதாம்,” என்றார் மாப்பிள்ளை, தலையைக் குனிந்தபடி.

“எல்லாம் என் சீன்ல சரியாயிடும்,” என்றேன்.

ஐந்தாவதில் நான் வந்தேன். விசில் பறந்தது. திரையில் என் வாய் திறந்தது. வந்தது வேறு யாருடைய குரலோ, இடி மாதிரி. ஹீரோவின் தாயாரில் தொடங்கி, அவன் சொந்தபந்தத்தில் ஒருவரையும் விடவில்லை.

மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தேன். “அது நான் பேசுனதில்லீங்க. கோவமா ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணுங்க, வசனத்த டப்பிங்ல பாத்துக்கறோம்னாங்க. நான் எண்ணத்தான் எண்ணுனேன்.”

“எங்க, எண்ணிக் காமிங்க மாமா,” என்றான் மச்சான்.

எண்ணினேன். அதே விரல், அதே மீசை. மூன்று சொல்லும்போதே பெண்கள் மறுபடி காதைப் பொத்திக்கொண்டார்கள். சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேசரியைத் தொடாமல் கிளம்பிவிட்டார். அப்புறம் நாலு மாதம் போனே இல்லை.

போன மாதம் கடலூரில் மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டு வாசலை அடைத்து ஒருவன் லாரியை நிறுத்திவிட்டு, எடுக்க மாட்டேன் என்று நின்றான். சம்பந்தி சட்டம் பேசினார், பழைய பதவியைச் சொன்னார். அவன் பீடியைக்கூடக் கீழே போடவில்லை. கடைசியில் அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“சம்பந்தி, கொஞ்சம் எண்ணுங்க.”

நாலு சொல்வதற்குள் லாரி கிளம்பிவிட்டது. இப்போது ரெண்டு வீட்டிலும் எந்தத் தகராறு என்றாலும், எண்ணுவதற்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். குரலும் என்னுடையதேதான்.